கல்கத்தாக் கிண்ணமும் குறி சொல்வோரும்

ரக்பி என்னும் ஆட்டத்தை யான் ஒருநாளும் ஆடியவனல்லேன். ஆடுதற்குரிய உடற்கட்டும் எனக்கில்லை. பந்து முட்டை வடிவினது என்பதும், அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், ஆயினும் கையால் முன்னோக்கி எறிதல் குற்றமாம் என்பதும் நெடுநாள்வரை எனக்குத் தெரியாதிருந்தன. அங்ஙனமிருந்தும், 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இரு வாரகாலம் நன்னூல் உரையைக் கையாலும் தொடாது, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடக்கவிருந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியே எண்ணியும் பேசியும் திரிந்தேன். இதற்குக் காரணராயினார் எடின்பரோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரியும் என் பெரியப்பா மகனார். அண்ணன் அந்நகரம் சென்ற முதற் குளிர்காலத்தில் மழையையும் இருளையும் பற்றியே எனக்கு எழுதினார். இரண்டாங் குளிர்காலத்தில் ரக்பியைப் பற்றியன்றி வேறொன்றும் எழுதிலர்.

அவ்விரு நாட்டாரும் ஆண்டுதோறும் பொருதுவது கல்கத்தாக் கிண்ணம் என்னும் பரிசுக்காகும். அப்பெயரே என்னை முதலில் ஈர்த்தது. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று, கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இருபதின்மர் ஒருபுறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் இருபதின்மர் மறுபுறமுமாக நின்று இவ்வாட்டத்தை ஆடினர். மறு திங்களிலேயே கழகம் ஒன்று கண்டனர். ஆயின் வங்காளத்து வெயில் ரக்பிக்கு இசைந்ததன்று. போலோவும் டென்னிஸும் இளைஞரைத் தம்பால் இழுத்துக்கொண்டன. கழகத்தில் விலையின்றி வழங்கப்பட்டுவந்த மதுவும் நிறுத்தப்படவே, உறுப்பினரின் ஆட்டப்பற்றும் வற்றியது என்பர். அப்பற்று உண்மையில் எதன்மேற் பற்று என்பதை நேயர்களே உய்த்துணர்க. எஞ்சிய சிலர் வங்கியிற் கிடந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, உருக்கிக் கிண்ணமாக்கி, 1878-இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்துக்கு ஈந்தனர். கைப்பிடி மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. 1879-இல் எடின்பரோவில் அதன்பொருட்டு நடந்த முதலாட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1988-இல் ஆட்டம் முடிந்த இரவு, ஆங்கில வீரர் ஒருவரும் ஸ்காட்லாந்து வீரர் ஒருவரும் அக்கிண்ணத்தை எடின்பரோத் தெருக்களில் எடுத்துச் சென்று நசுக்கிவிட்டனராம். பகலெல்லாம் பகைத்தோர் இரவில் கிண்ணத்தைச் சிதைத்தற்கண் ஒன்றுபட்டமை எனக்கு மிகவும் உவப்பாயிருந்தது.

கிண்ணத்தினும் மூத்தது இப்பகை. உலகில் நாட்டுக்கு நாடு நடந்த முதல் ரக்பி ஆட்டமே இவ்விருவர்க்கும் இடையில் 1871-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் எடின்பரோவில் நிகழ்ந்ததுதான். அதற்கு முன்னரே ஸ்காட்லாந்தார் செய்தித்தாள் வாயிலாக அறைகூவல் விடுத்திருந்தனர். பந்தினும் முன்னே அச்செழுத்தே களம் புகுந்தது என்க. அன்று ஸ்காட்லாந்து வென்றது. வெற்றிதந்த புள்ளியொன்றைப்பற்றி வழக்கெழுந்தபோது நடுவராயிருந்தவர் ஆல்மண்டு என்னும் பள்ளித் தலைமையாசிரியர். ஐயம் நேர்ந்தவிடத்து, மிகுதியாகக் கூச்சலிடும் அணிக்கு எதிராகவே தீர்ப்பளித்தல் தகும் என்று அவர் பின்னர்க் கூறியதாகச் சொல்வர். அந்நெறியைச் செய்தித்தாள்களுக்கும் பொருத்தியிருந்தால் யான் பிற்பாடு நாணியிருக்க வேண்டுவதில்லை.

இனி 2025-க்கு வருவோம். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளிலும், அதாவது 2021 முதல் 2024 வரை, ஸ்காட்லாந்தே வென்றிருந்தது. ஐந்தாம் முறையும் வெல்லுமா என்பதே வினா. ஆறு நாடுகளின் போட்டியில் பிப்ரவரி 8-ஆம் நாள் இங்கிலாந்து பிரான்சை 26-25 என்னும் கணக்கில் இறுதிக் கணங்களில் வென்றது. மறுநாள் ஸ்காட்லாந்து அயர்லாந்திடம் 18-32 எனத் தோற்றது. அதன்பின் பிப்ரவரி 22 வரையில் இவ்விரண்டு அணிக்கும் ஆட்டமில்லை. அந்த இரு வாரமும் பந்து உருளவில்லை, நாக்குகளே உருண்டன.

அயர்லாந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வீரர்களான பின் ரசலும் டார்சி கிரஹாமும் ஒருவர் தலையோடு ஒருவர் தலை மோதி வெளியேறினர். ரசல் என்பார் அணியின் மூளை போன்றவர்; பந்தை எப்பக்கம் செலுத்துவது என்று நொடியில் முடிவு செய்பவர்; கம்பங்களினூடே உதைப்பவரும் அவரே. அவர் தேறுவாரா, தேறாரா? இது முதல் வாரத்துப் பேச்சு. தேறினார், கிரஹாம் தேறவில்லை. உடனே பேச்சு இங்கிலாந்தின்பால் திரும்பியது. அங்கே அதே பொறுப்பை ஏற்ற இளைஞர் பின் ஸ்மித்தின் பாட்டனார் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். பேரன் பாட்டன் நாட்டை எதிர்ப்பதில் எத்தனை எத்தனை உட்பொருள் கண்டனர் எழுத்தாளர்! ஸ்காட்லாந்து விளிம்பில் ஓடிக் களத்தைக் கலக்கும் வான் டெர் மெர்வே தென்னாப்பிரிக்காவிற் பிறந்தவர் என்பதனை மட்டும் அவ்வமயம் எவரும் பெரிதுபடுத்தியதாக எனக்கு நினைவில்லை. அண்ணன் இவற்றையெல்லாம் நாடோறும் கைத்தொலைபேசி வாயிலாக அனுப்புவார். யான் விடுதியில் இரவெல்லாம் படிப்பேன்.

படிக்குந்தோறும் எனக்கு முல்லைப்பாட்டு நினைவு வந்தது. போர்மேற் சென்ற தலைவன் மீள்வானோ என்று அறியவேண்டிப் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லைமலரும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று நிற்பர். ஆய்மகளொருத்தி கன்றை நோக்கி, நின் தாய் விரைவில் வருவாள் என்று ஆற்றக் கேட்டு, அதனையே நற்சொல்லாகக் கொள்வர். இதனை விரிச்சி என்பர் நம் புலவர். நாங்களும் விரிச்சி கேட்டு நின்றோமேயன்றி வேறில்லை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அம்முதியோர் தமக்கு எதிர்காலம் தெரியாது என்பதை உணர்ந்தே நின்றனர். எம் காலத்து விரிச்சியாளரோ புள்ளிகளையும் பட்டியல்களையும் அடுக்கி, தெரிந்தது போலவே பேசினர். யான் அவர்களினும் ஒருபடி மேலே பேசினேன்.

எனக்குப் பற்றுக்கோடாயிருந்தது 1990-ஆம் ஆண்டின் கதை. அவ்வாண்டு மார்ச்சு 17-ஆம் நாள் எடின்பரோ மரேபீல்டு களத்தில் இரண்டணியும் அவ்வாண்டுத் தோல்வியே அறியாதனவாக எதிர்நின்றன. வெல்பவர்க்குக் கிண்ணம் மட்டுமன்று, அவ்வாண்டின் எல்லாப் பெருமையும் ஒருசேரக் கிட்டும். இங்கிலாந்து அயர்லாந்தை 23-0 எனவும், பிரான்சை 26-7 எனவும், வேல்ஸை 34-6 எனவும் வென்று வந்திருந்தது. ஸ்காட்லாந்தோ அயர்லாந்தையும் வேல்ஸையும் மயிரிழையில் வென்றிருந்தது. ஆதலின் இங்கிலாந்தின் வெற்றி ஐயமற்றது என்றே பலரும் எழுதினர். தலைவரி ஒன்றினை லண்டன் அரசாங்கம் ஸ்காட்லாந்தில் 1989-இலேயே சுமத்தி, இங்கிலாந்தில் ஓராண்டு தாழ்த்தமையால் எழுந்த மனப்புண்ணும் அக்காலத்துப் பேச்சிற் கலந்துகொண்டது. ஆட்டநாளன்று ஸ்காட்லாந்துத் தலைவர் டேவிட் சோல் தம் வீரரை வழக்கம்போல் ஓடிவரச் செய்யாமல், அடிமேல் அடிவைத்து மெல்ல நடத்திக் களத்துட் கொணர்ந்தார். அந்நடையைக் கண்டதும் அரங்கம் எழுப்பிய ஒலியை இன்றும் முதியோர் சொல்லி மகிழ்வதாக அண்ணன் எழுதுவார். ஸ்காட்லாந்து 13-7 என வென்றது. இருபத்தொரு வயதினரான டோனி ஸ்டேஞ்சர், உதைத்த பந்து துள்ளிவர, எட்டிப் பிடித்துக் கோட்டுக்கப்பால் பதித்தார்.

இக்கதையிலிருந்து யான் கொள்ள வேண்டியிருந்தது, முன்கூறுவோர் மொழி பொய்க்கும் என்பது. யான் கொண்டதோ, ஸ்காட்லாந்தார் எவர் மொழியையும் பொய்யாக்கவல்லர் என்பது. உணவறையில் நான்குபேர் கேட்க, பத்துப் புள்ளி வேற்றுமையில் ஸ்காட்லாந்து வெல்லும் என்று அறுதியிட்டுரைத்தேன். அறைத்தோழரொருவர் சிரிக்கவே, ஒரு திங்கள் மாலைத் தேநீருக்குப் பந்தயமும் கட்டினேன். அவர் ரக்பி ஆட்டத்தில் எத்தனைபேர் என்பதும் அறியாதவர். யானும் அதனை அறிந்து சில திங்களே ஆயின என்பதை அவரிடம் கூறவில்லை.

ஆட்டம் லண்டன் நகரத்து டுவிக்கன்ஹாமில். நம் நாட்டுக்கு அது இரவு பத்துமணிக்கு மேற்பட்ட நேரம். யான் அதனைக் கண்ணாற் கண்டிலேன். அண்ணன் தம் அறையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து தொலைபேசியிற் சொல்லச் சொல்ல, யான் போர்வைக்குள் முகம் புதைத்துக் கேட்டேன். சஞ்சயன் சொல்லக் கேட்ட திருதராட்டிரன் நிலையே என் நிலை.

எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையிற் பதித்தல் டிரை எனப்படும். அதற்குப் புள்ளி ஐந்து. பதித்த இடத்துக்கு நேர்பின்னே வந்து பந்தைக் கம்பங்களினூடே உதைத்துச் செலுத்தின் மேலும் இரண்டு. ஓரத்திற் பதித்தவர் ஓரத்திலிருந்தே உதைத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்து ஒரு டிரை பெற்றது. இங்கிலாந்து ஒன்று பெற்றது. ஸ்காட்லாந்து மீண்டும் ஒன்று. இடைவேளையில் ஸ்காட்லாந்து 10, இங்கிலாந்து 7. என் மனத்தில் தேநீர் மணந்தது. ஆயின் ஸ்காட்லாந்தின் இரண்டு உதைகளும் தவறியிருந்தன என்பதை அண்ணன் விரைந்து சொல்லிக் கடந்தார். யானும் விரைந்து கேட்டுக் கடந்தேன். பின்னர் இங்கிலாந்து எதிரியின் பிழைகளைக்கொண்டு மூன்று மூன்றாகச் சேர்த்து 16-க்கு ஏறியது. அண்ணன் குரல் இளைத்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கையில், "தம்பி! வான் டெர் மெர்வே! ஓரத்தில்! பதித்துவிட்டார்!" என்று கூவினார். 16-15. இனி எஞ்சியது ரசலின் ஓர் உதை. நேராகச் சென்றால் ஸ்காட்லாந்துக்கு 17.

அதன்பின் தொலைபேசியில் ஒலியில்லை. எண்பதினாயிரம் பேர் நிறைந்த அரங்கின் இரைச்சல் மட்டும் தொலைக்காட்சி வழியே மெல்லக் கேட்டது. பின்பு அவ்விரைச்சல் திடீரென்று பெருகியது. எவர்தம் மகிழ்ச்சி அது என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணன் பேசாதிருந்ததனாலேயே விளங்கிற்று.

யான் அப்போது சொன்ன சொல்லை ஈண்டு எழுதுதற்கு நாணுகின்றேன். ரசலை இழிமொழியால் ஏசினேன். மூன்று உதையில் ஒன்றுகூடவா ஒருவனால் இயலாது என்றேன். அண்ணன் சற்றுநேரம் வாளாவிருந்து, "2019-ஆம் ஆண்டு ஆட்டத்தை நீ அறியாய், தம்பி. இதே களத்தில் 31-0 எனத் தாழ்ந்து கிடந்தோம். 38-38 என்று எழுந்துநின்றோமே, அது பெரிதும் யாரால் என்று நினைக்கிறாய்?" என்றார். வேறொன்றும் சொல்லாது, விடியற்காலையில் பணி இருக்கிறதென்று விடைபெற்றார்.

உறக்கம் வரவில்லை. எனக்கு ரசல்மேல் எழுந்த சினம் யாதனால் என்று எண்ணிப் பார்த்தேன். அவர் ஸ்காட்லாந்தைத் தோற்பித்தார் என்பதனாலன்று. யான் ஸ்காட்லாந்தானும் அல்லேன். என்னைப் பொய்யனாக்கினார் என்பதனாலேயே. அவர் வெல்வார் என்று யான் உணவறையில் முழங்கியதை அவர் அறியார்; முழங்குக என்று கேட்டவரும் அல்லர்.

இதனை எண்ணியபோதுதான் பள்ளியிறுதித் தேர்வு வெளியான நாள் என் நெஞ்சில் வந்தது. எங்கள் ஊரில் ஓராண்டாகவே என்னைப்பற்றி ஒரு மொழி வழங்கியது: மாவட்டத்தில் முதல்வன் இவனே என்று. கடைத்தெருவிற் செல்வேனாயின் காய்கறி நிறுப்பவரும் அதனையே சொல்வார். யான் மறுத்தால் அடக்கம் என்பர். வாய்மூடியிருந்தால் உறுதி என்பர். மதிப்பெண் வந்தது, குறைவானதன்று, ஆயின் முதலிடமும் அன்று, அதற்கு அண்மையதும் அன்று. அன்று மாலை எம் வீட்டுக்கு வந்தவர் பலர். ஓராண்டாகக் குறி சொன்னவர்களே என் முன்னமர்ந்து, யான் எங்கே தவறினேன் என்று விளக்கினர். கணிதத்தில் எனக்கு எப்போதும் ஒரு பதற்றம் உண்டென்பது அவர்களுக்கு முன்னமே தெரியுமாம். அன்னை அடுக்களையிலிருந்து வெளிவரவேயில்லை. எனக்கு மதிப்பெண்ணால் வந்த துயரினும், அவர்கள் மொழியைப் பொய்யாக்கிவிட்டேனே என்ற குற்ற உணர்வால் வந்த துயரே பெரிதாயிருந்தது. இத்தனையும் பட்டிருந்த யான், ஐயாயிரம் கல்லுக்கு அப்பால் ஒருவர் ஓரத்தில் தனியே பந்தை நிறுத்தி நின்றபோது, எம் வீட்டுக்கு வந்த அப்பெரியோர்களுள் ஒருவனாகிவிட்டேன்.

மறுநாட் செய்தித்தாள்கள் நான் எதிர்பார்த்தவாறே இருந்தன. டிரை மூன்று பெற்றவர் தோற்றதும், ஒன்று பெற்றவர் வென்றதும் ஏன் என்று தெளிவாக எழுதியிருந்தனர். இரு வாரமாகத் தெரியாதிருந்தது ஓரிரவில் அனைவர்க்கும் தெரிந்துவிட்டது. யான் அவற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு அறைத்தோழருக்குத் தேநீர் வாங்கச் சென்றேன். அவர் பருகிக்கொண்டே, "யார் அந்த ரசல்? பாவம்" என்றார். இரு வாரமும் யான் படித்த எழுத்து எதனினும் அச்சொல் செவ்வியதாக எனக்குப் பட்டது.

ஒரு கிழமை கழித்து அண்ணன் அழைத்தார். மருத்துவமனையில் முதியவரொருவர் அவரிடம், இது என்ன, அடுத்த ஆண்டு ஆட்டம் மரேபீல்டில், நம் மண்ணில், அங்கே பாரும் என்றாராம். அதனைச் சொல்லிவிட்டு, எந்தெந்த வீரர் அதற்குள் தேறியிருப்பர், எவர் முதிர்ந்து விலகுவர் என்று அண்ணன் கணக்கிடத் தொடங்கினார். நான் தொல்காப்பியப் புறத்திணையியலை விரித்து வைத்திருந்தேன், மறுநாள் தேர்வு. போதும் அண்ணா, தேர்விருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கிரஹாம் முழுதும் தேறிவிட்டாரா?" என்றே கேட்டேன்.