கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கார் மைலேஜ் குறைவது ஏன்? நாட்டுக்கு நாடு மாறும் கணக்கு!

திண்டிவனத்தில் சென்னை நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் கிருஷ்ணகிரி ரோடு. பாறை மேல் பாறை அடுக்கியதுபோல நிற்கும் செஞ்சி மலைகளைத் தாண்டியதும் நெல் வயல், மணிலாக் கொல்லை, கரும்புத் தோட்டம் என்று காட்சி மாறும். அடுத்து வரும் பெரிய ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு சுமார் 20 கி.மீ.தான்.

பௌர்ணமி வந்தால் 14 கி.மீ. கிரிவலம் போகிறவர்களின் கார்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகும். ஊருக்கு வெளியே 80 கி.மீ. வேகம். ஊருக்குள் நுழைந்ததும் வேகத்தடை, முன்னால் நின்று ஆள் ஏற்றும் பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர். இரண்டாவது கியரில்தான் நகர முடியும். காருக்குள் ஐந்து பேர், டிக்கி நிறைய பை, முழு வேகத்தில் ஏ.சி. “வாங்கும்போது லிட்டருக்கு 20னு சொன்னாங்க, இது 15தானே காட்டுது?” என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

அந்த 20 பொய்யில்லை. ஆனால், அது ரோட்டில் எடுத்த கணக்கும் இல்லை.

உருளை மேல் ஓடும் கார்

இந்தியாவில் விற்கும் கார்களுக்கு மைலேஜ் சான்று தரும் அமைப்புகளில் பிரபலமானது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நம் ஊர் பக்கம் ஒரகடத்திலும் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அறைக்குள் காரை நிறுத்தி, சக்கரங்களை உருளைகள் மேல் ஓட விடுவார்கள். கார் நின்ற இடத்திலேயே ஓடும். எதிர்க்காற்றின் அழுத்தத்தைக்கூட உருளையின் இறுக்கத்தை வைத்தே கொண்டுவந்துவிடுவார்கள். புகைக்குழாயில் வரும் வாயுக்களில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளந்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுவார்கள்.

எந்த நொடியில் என்ன வேகம் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. இந்தியாவின் அட்டவணைக்குப் பெயர் எம்.ஐ.டி.சி. சுமார் 20 நிமிடம், 11 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரம், அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. அறையின் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். கத்திரி வெயிலில் கொதிக்கும் கீழ்பென்னாத்தூர் ரோட்டுக்கும் அந்த அறைக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதே கார், வேறு மார்க்

ஐரோப்பாவில் முன்பு இருந்த என்.இ.டி.சி. சோதனையைத் தழுவியதுதான் நம் அட்டவணை. அங்கே அதிகபட்ச வேகம் 120. நம் ரோடுகளுக்காக அது 90 ஆகக் குறைக்கப்பட்டது. வேகம் குறைந்தால் காற்றின் எதிர்ப்பு குறையும், மைலேஜ் கூடும்.

பழைய சோதனை நிஜத்தோடு ஒட்டவில்லை என்று 2017 முதல் ஐரோப்பா டபிள்யூ.எல்.டி.பி. முறைக்கு மாறியது. இதில் 30 நிமிடம், 23 கி.மீ., அதிகபட்சம் 131 கி.மீ. வேகம். காரில் கூடுதலாகப் பொருத்தும் வசதிகளின் எடையும் கணக்கில் வரும். எண் இறங்கியது, நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தது.

அமெரிக்கா இன்னும் கறார். 2008 மாடல் கார்கள் முதல் ஐந்து விதச் சோதனைகளை வைத்துக் கணக்கு. நகரம், நெடுஞ்சாலை, சுமார் 129 கி.மீ. வரை போகும் அதிவேகம், 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டுவது, மைனஸ் 7 டிகிரி குளிரில் ஓட்டுவது. அதனால் அங்கே ஒட்டப்படும் எண் சிறியதாகவே இருக்கும்.

கேலன் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். நம் 20 கி.மீ. மைலேஜை அமெரிக்காவில் 47 மைல் என்பார்கள், லண்டனில் 56 மைல் என்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் “எங்க ஊர்ல இதே கார் எவ்வளவு தருது தெரியுமா?” என்றால், எந்த கேலன் என்று முதலில் கேளுங்கள்.

பர்ஸைத் தொடும் வித்தியாசம்

மாதம் 1,000 கி.மீ. ஓடும் குடும்பக் காருக்கு 20 கி.மீ. மைலேஜ் என்றால் 50 லிட்டர் போதும். 15 என்றால் 67 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,700 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல். கடன் தவணையோடு இதையும் சேர்த்துத்தான் கார் வாங்குகிறவர் கணக்குப் போட வேண்டும்.

2027 முதல் இந்தியாவையும் டபிள்யூ.எல்.டி.பி. முறைக்கு மாற்றும் திட்டத்தை மத்திய அரசு முன்வைத்திருக்கிறது. வந்தால், அதே காரின் மைலேஜ் எண் குறைந்து தெரியலாம். அதற்காகக் கார் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. அதுவரை, இந்தியச் சான்று பெற்ற இரண்டு கார்களில் எது சிக்கனம் என்று ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்தலாம்.

உங்கள் காரின் நிஜ மைலேஜ் தெரிய வேண்டுமா? அடுத்த கிரிவலப் பயணத்துக்கு முன் டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். திரும்பி வந்ததும் அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். 300 கி.மீ. ஓடி 20 லிட்டர் பிடித்தால், உங்கள் மைலேஜ் 15. கீழ்பென்னாத்தூர் வேகத்தடைகளும் அதில் அடக்கம்!