பட்டைக்குத் துணையாகக் காற்று

பிப்ரவரி 1, 2026, ஞாயிறு

வண்டியைச் சமதரையில் நிறுத்தி டேப்பை எடுத்தேன். பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவு வரை 47 சென்டிமீட்டர். சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு அளந்தால் 54. மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் ஏழு சென்டிமீட்டர் உட்கார்ந்துவிடுகிறது.

பின்பக்கம் உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். டிம்மில் வந்தாலும் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகும். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. அங்கே லேசான ஸ்டியரிங் யாருக்கும் வேண்டாம்.

இதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐசுசு வி-கிராஸ், நான்கு சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். ஜெனரேட்டர், இரும்புக் கருவிப்பெட்டி, மருந்தடிக்கும் பம்பு, தண்ணீர்க் கேன்கள், திரும்பும்போது மிளகு மூட்டை என்று எல்லாம் பின்தொட்டியில்தான் ஏறுகின்றன. எடைமேடையில் நிறுத்திப் பார்த்தாயிற்று. நானும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து போவதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள்தான் இருக்கிறது. அளவுக்குள் இருக்கும் பாரம்கூட ஒரே இடத்தில் குவிந்தால் இப்படித்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நாமக்கல்லில் லாரிப் பட்டை வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஊரே அதில்தான் பிழைக்கிறது. வழக்கமாகப் போகும் பட்டறை அண்ணனிடம் சொன்னேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏனுங் தம்பி, ஒரு பட்டையச் சேத்துப் போட்டுட்டா முடிஞ்சு போச்சுங்களே.”

முடிந்துதான் போகும், ஆனால் என் முதுகும் சேர்ந்து. கூடுதல் பட்டை நாள் முழுக்கக் கூடவே வரும். மலைக்குப் போகும் நாளில் தாங்கும். மற்ற நாளெல்லாம் வெறும் தொட்டியோடு சேந்தமங்கலம் ரோட்டில் போகும்போது ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடும். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு அதுதான் சரியான வைத்தியம். என் வண்டி வாரத்தில் ஐந்து நாள் காலியாக ஓடுவது.

காற்றுப்பை போடலாமா என்று கேட்டேன். புரியாமல் பார்த்தார். லாரியில் லிஃப்ட் ஆக்சிலைத் தூக்குவதற்கு இருக்கிறதே, அதேபோல் சின்னதாக, சேசிசுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் என்றேன். முகம் மாறியது.

“பெல்லோவா? அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானுங்களே!”

லிஃப்ட் ஆக்சில் பெல்லோ மாற்றாத லாரிப் பட்டறை இந்த வட்டாரத்தில் ஏது? அவருக்குப் பாடம் எடுக்கக் கிளம்பியவன், பாடம் கேட்டுவிட்டு வந்தேன். பெல்லோ சாவது பாரத்தினால் அல்ல, காற்றில்லாமல் ஓட்டுவதாலும் எதிலாவது உரசுவதாலும்தான் என்பது அதில் முக்கியமானது.

பிப்ரவரி 4, புதன்

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பட்டை ஸ்பிரிங்கின் குணம் நேர்க்கோட்டுக் குணம்: ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றால், அடுத்த சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய அத்தனைதான். காற்று அப்படி அல்ல. பையில் அடைபட்ட காற்றைப் பாதியாக நசுக்கினால் அதன் முழு அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். சிறிதளவு இறக்கத்துக்கு மென்மையாக இருந்துவிட்டு, பெரிய குழியில் சக்கரம் மேலே வர வர முரண்டு பிடிக்கும்.

தாங்கும் பாரம் என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்குவதுதான். பையின் வேலை செய்யும் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 25 பவுண்டு காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.76 கிலோ. ஆக ஒரு பை ஏறத்தாழ 138 கிலோவைத் தாங்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 270 கிலோவுக்கு மேல், அதுவும் டயருக்கு அடிப்பதைவிடக் குறைந்த காற்றில்.

யோசனை புதிதல்ல. 1930-களிலேயே ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ரப்பர் காற்று ஸ்பிரிங்கில் இறங்கிவிட்டது. 1950-களில் அமெரிக்கப் பேருந்துகள் அதில் ஓடத் தொடங்கின. சுருள் ஸ்பிரிங் உள்ள கார்களுக்கு, சுருளுக்குள்ளேயே செருகும் காற்று உருளையும் அந்நாட்டிலிருந்து வந்ததுதான். மிச்சிகனில் 1949-இல் தொடங்கிய ஏர் லிஃப்ட் நிறுவனம் இன்றும் அதை விற்கிறது. தாரோ ஸ்கார்ப்பியோவோ வைத்திருப்பவர்கள் தேட வேண்டியது அந்த வகை. பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு வேண்டியது, இரண்டு அடுக்கு வடையைக் கவிழ்த்து வைத்ததுபோல் மடிப்புள்ள பெல்லோ.

பிப்ரவரி 7, சனி

கிட் வந்து சேர்ந்தது. இரண்டு பெல்லோ, மேல்கீழ்த் தாங்கிகள், யூ போல்ட், நைலான் காற்றுக்குழாய், டயரில் இருப்பது போன்ற இரண்டு வால்வு, வெப்பத் தகடு. துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். சேசிசில் வெல்டு வைத்தால் அந்த இடத்தின் இரும்பு பலம் மாறிப்போகும் என்பதால், வெல்டு கேட்கும் கிட்டாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இது போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் துணைப்பொருள், எடை அளவும் மாறவில்லை. இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதி அனுப்பி, பதிலை வாங்கி வைத்துக்கொண்டேன். விபத்து நடந்தபின் விளக்கம் சொல்வதைவிட இது சுலபம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பட்டறை விடுமுறை, அண்ணன் வந்து திறந்தார். “ஞாயித்துக்கெழம கறி எடுக்கற நேரத்துல பெல்லோ மாட்டறம் பாருங்க” என்று மகனிடம் புலம்பினாலும், ஆர்வம் அவருக்குத்தான் அதிகம்.

முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சேசிசை ஜாக்கியில் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஆக்சில் தொங்கியது. சேசிசின் அடியில், ஆக்சிலுக்கு நேர் மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர்களைக் கழற்றினோம். பெல்லோ உட்காரப் போவது அந்த இடத்தில்தான். வலப்பக்க போல்ட் துருப்பிடித்து மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை, அதற்கே பாதிக் காலை போயிற்று.

மேல்தாங்கியைப் பெல்லோவின் தலையில் முடுக்கினோம். கீழ்த்தாங்கி பட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்து, யூ போல்ட் வழியாக ஆக்சிலைக் கவ்வுகிறது. பெல்லோவின் போல்ட்டை மட்டும் அண்ணனின் கைக்கு விடவில்லை. லாரிக்குப் பழகிய கை நாலடிக் குழாயை மாட்டி முடுக்கிவிடும். இதற்கு வேண்டியது 27 நியூட்டன் மீட்டர்தான். டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்றதும் அவர் சிரித்தார். “கொழந்தப் புள்ளைக்குப் பட்டன் போடற மாதிரிங்.”

பிறகு அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் போனது நல்லதாயிற்று. எல்லாவற்றையும் இறுக்கும் முன், ஆக்சில் முழுக்கத் தொங்கும் நிலையில் பெல்லோவின் நீளத்தை அளந்தார். ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டு ஆக்சிலைப் பிடித்துக்கொள்கிறதா, அல்லது பெல்லோ பிடித்துக்கொண்டு தொங்குகிறதா என்பதுதான் கேள்வி. பெல்லோ தொங்கினால் கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதுதான் கிழியும். நல்லவேளை, இதில் ஷாக் முந்திக்கொண்டது. சஸ்பென்ஷனை உயர்த்தி, நீளமான ஷாக் மாட்டியவர்கள் இந்த அளவை எடுக்காமல் பெல்லோ போடக் கூடாது. பாறைகளில் ஏறி இறங்குவதே வேலை என்பவர்களுக்கு, ஆக்சில் இறங்கும்போது பெல்லோவை விட்டு விலகி, ஏறும்போது திரும்பிப் பொருந்தும் தாங்கிகள் தனியாகக் கிடைக்கின்றன.

பெல்லோவைச் சுற்றி டயர், பிரேக் ஹோஸ், சேசிஸ் எதுவும் விரல் பருமனுக்குள் வரக் கூடாது. காற்று ஏறினால் அது பக்கவாட்டில் உப்பும். ஹோஸை இன்னொரு கிளிப்பில் தள்ளிக் கட்டினோம். சைலன்சர் குழாய் பக்கம் வெப்பத் தகடு.

காற்றுக்குழாயைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி, பொருத்தும் இடத்தில் கசியும். புது பிளேடால் நேராக வெட்டி, உள்ளே முட்டும்வரை செருகி, ஒரு முறை பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பைக்கும் ஒரே வால்வு போதாதா, காற்றடிக்கச் சுலபமாயிற்றே என்று அண்ணனின் மகன் கேட்டான். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது அந்தப் பக்கப் பை நசுங்கும். இரண்டும் ஒரே குழாயில் இருந்தால் அங்கிருக்கும் காற்று உட்பக்கப் பைக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டிவிடும். 70 வளைவு ஏறுகிறவனுக்கு இரண்டு வால்வு ஆடம்பரமல்ல. நம்பர் பிளேட்டின் இருபுறமும் ஒவ்வொன்றை வைத்தோம். கறி ஆறிப்போய்த்தான் அண்ணன் சாப்பிட்டிருப்பார்.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று மாலை இரண்டு பையிலும் 70 பவுண்டு ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். இடப்பக்க முழங்கை இணைப்பில் சின்னச் சின்னக் குமிழி. கழற்றி, மரைக்கு சீலன்ட் தடவி மறுபடி போட்டதும் நின்றது. இரவு முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் வலம் 69, இடம் 68. கேஜை வைத்து எடுக்கும் போதே ஒன்றிரண்டு பவுண்டு வெளியேறிவிடும் என்பதால் இது கசிவல்ல. டயரோடு ஒப்பிட்டால் பையின் கொள்ளளவு மிகச் சின்னது. அடிக்கடி அளந்து பார்க்கும் ஆர்வமே காற்றை இறக்கிவிடும்.

பெட்ரோல் பங்க் கம்ப்ரசர் இதற்கு ஆகாது. கண்மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடுகிறது. வீட்டில் கிடந்த சைக்கிள் பம்பு போதும்.

பிப்ரவரி 11, புதன்

காலி வண்டிக்கு 5 பவுண்டு. பட்டை ஸ்பிரிங் தன் வேலையைப் பார்க்கிறது, பை சும்மா உடன் வருகிறது. உயரம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை, ஓட்டத்தில் வித்தியாசமும் இல்லை. அந்த ஐந்துக்குக் கீழே இறக்கக் கூடாது. ரப்பர் உள்ளே மடிந்து, தகடுகளுக்கு நடுவில் கடிபடும்.

பாரம் ஏற்றி 15, 20, 25 என்று கூட்டிப் பார்த்தேன். 25-இல் 51.5 சென்டிமீட்டர். அதோடு நிறுத்திக்கொண்டேன். காலி வண்டியின் உயரத்துக்கே கொண்டுவர நினைத்தால் பின்பக்கம் கட்டையாகிவிடும். பையில் ‘அதிகபட்சம் 100’ என்று அச்சடித்திருக்கிறது. அது பை தாங்கும் அளவு, வண்டி தாங்கும் அளவல்ல.

பிப்ரவரி 14, சனி

நாளை சிவராத்திரி. அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கூட்டம் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும் என்று விடியுமுன் கிளம்பினோம். வளைவுகளில் ஸ்டியரிங் கனமாக, சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் படகுபோல் ஆடவில்லை. மனைவி தூங்கிக்கொண்டே வந்தாள். இதைவிட நல்ல சான்றிதழ் வேறில்லை.

மேலே போனதும் குளிரில் நடுங்கிக்கொண்டே கேஜை வைத்தேன். 24. அடிவாரத்தில் நேற்றுப் பகல் வெயிலில் 25 வைத்தது. குளிரில் காற்று சுருங்கி இரண்டு பவுண்டு குறைந்திருக்க வேண்டும்; ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதில் வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றரை பவுண்டு போலக் குறைந்து, கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்டும். ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. இமயமலைக்குப் போகிறவர்கள்தான் இதற்குக் கவலைப்பட வேண்டும்.

தோட்டத்து மண்பாதையில், மழை அரித்த வாய்க்காலைக் குறுக்கே கடக்கும் இடத்தில் இறங்கிப் பார்த்தேன். இடச்சக்கரம் முழுக்கத் தொங்கியது. பை நீண்டிருந்தது, இழுபடவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அண்ணன் சொன்னபடி எல்லா போல்ட்டையும் மறுபடி பார்த்தோம். யூ போல்ட் இரண்டில் கால் சுற்று இடம் கொடுத்தது, மற்றவை அசையவில்லை. கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் ஓடியதும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

பட்டறையில் நின்ற பிக்கப்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதப் போட்டா இன்னும் அரை டன் ஏத்தலாங்களா?” என்றார். அண்ணனே பதில் சொன்னார்: “ஒரு கிலோகூட ஏத்த முடியாதுங்.”

பட்டை ஸ்பிரிங் பாரத்தைச் சேசிசில் முன்னொரு இடம், பின்னொரு இடம் என்று பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப்பை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. தொட்டியின் வால் பக்கம் அளவுக்கு மேல் ஏற்றி, காற்றையும் நூறாக ஏற்றிக் குழியில் விட்டால், சேசிஸ் அந்த முட்டின் மேல் வளையும். ஆஸ்திரேலியாவில் இரட்டை கேபின் பிக்கப்களின் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் மடிந்த கதைகள் இப்படி வந்தவைதான். பிரேக், டயர், ஆக்சில் பேரிங் எதற்கும் பை பலம் கூட்டுவதில்லை. வண்டி பார்க்க நிமிர்ந்து நிற்பதால் பாரம் அதிகம் என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இதில் உள்ள ஆபத்து.

எப்போதும் பாரத்தோடு ஓடுகிறவர்கள் பட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் சில நாள் பாரம், பல நாள் காலி என்றால் காற்றுப்பை போடுங்கள். போட்டாலும் எடைமேடைக்கு ஒரு முறை போய்வாருங்கள். சாமானை இறக்கியதும் காற்றையும் ஐந்துக்கு இறக்கிவிடுங்கள்.