செத்த பேட்டரியின் தலை

கொடுங்கையூரில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலமானால் இரண்டு வாசனை வரும். குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் செம்புக்காக யாரோ எரிக்கிற ஒயரின் கருகல். இல்லாவிட்டால் முனைக்கடை பஜ்ஜி எண்ணெய். இவற்றைத் தாண்டி எனக்கென்று மூன்றாவதாக ஒன்று இருந்தது. மூலக்கடை போகிற வழியில் தகரக் கதவு போட்ட ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருகும்போது எழுகிற பேஸ்ட் புகை. அதற்காகவே பால் வாங்கப் போகிறவன் சுற்றிக்கொண்டு போவேன்; திரும்பி வருவதற்குள் பால் ஆறி, அம்மா சூடாகியிருப்பாள்.

அப்பாவுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை. போனஸ் வந்த கையோடு ரிச்சி தெருவுக்குப் போய், எனக்கென்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிவந்தார். வரிசையாக ஸ்க்ரூ பதித்த சின்னப் பலகை, சிவப்பு எல்.இ.டி., அது கருகிப்போகாமல் காக்க மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டை போட்ட 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு ஸ்விட்ச், காதைக் கிழிக்கிற பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரியின் தலையில் டிக்கென்று உட்காருகிற கேப். அன்றிலிருந்து நான் வீட்டுக்குள்ளும் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டுதான் நடப்பேன். விஞ்ஞானி என்றால் பேனா வேண்டாமா?

தங்கச்சிக்கு அந்த கேப்பை நெம்பிக் கழற்ற விரலில் வலு போதாது. ஒயரைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் சிவப்பு ஒயர் கழுத்தோடு அறுந்து அவள் கையோடு வந்துவிட்டது. முறுக்கி ஒட்டலாமென்றால் கேப்பில் ஒரு நூல் கம்பிகூட மிச்சமில்லை. கிட்டைத் தூக்கிக்கொண்டு ரேடியோக் கடைக்கு ஓடினேன்.

“இன்னாடா, மூஞ்சி தொங்குது?” என்றார் ரேடியோக்கடை அண்ணன். கேப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “புச்சுலாம் வேணாம். தீந்துபோன பேட்டரி கீதா, கடாசிட்டியா?” என்று கேட்டார். நான் எதையும் கடாசுகிறவனா? டவுசர் பையிலேயே இருந்தது.

பேட்டரியின் தகர விளிம்பைப் பிளேயரால் மெல்ல விரித்தார். உள்ளே தட்டையான ஆறு வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வில்லைக்கு ஒன்றரை வோல்ட். ஆறும் சேர்ந்துதான் ஒன்பது. கறுப்பு மசி ஒழுகிய அந்த அடுக்கைப் பேப்பரில் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு, இரண்டு குமிழும் பதித்த மேல்தட்டை மட்டும் எடுத்து பிளேடால் சுரண்டினார். “முதல்ல ஒயருக்கு ஈயம் பூசு. அப்பால ஒட்டு,” என்று சால்டரிங் அயர்னை என் கையில் கொடுத்துவிட்டார்! ஈயம் உருண்டு உருண்டு மேஜைமேல் விழுந்தது. “ஈயத்த சுட வைக்காத. சாமான சுட வை. ஈயம் தானா ஓடி ஒட்டிக்கும்,” என்றார். தகடு சூடேறியதும் ஈயம் பளபளவென்று பரவிய அந்த நொடியில் என் மூக்கு ஏறக்குறைய தகட்டின் மேலேயே இருந்தது.

சிவப்பு ஒயரை ஒட்டும் முன் அண்ணன் நிறுத்தினார். “பேட்டரியா இருந்தப்போ இந்தச் சின்னக் குமிழு பிளஸ்ஸு. இப்போ இது கேப்பு. புதுப் பேட்டரி மேல கவுத்துப் பாரு.” கவிழ்த்தேன். தட்டின் சின்னக் குமிழ் புதுப் பேட்டரியின் பெரிய குமிழுக்குள் போய் உட்கார்ந்தது. பெரியது மைனஸ். ஆகவே சிவப்பு ஒயர் தட்டின் பெரிய குமிழுக்கு, கறுப்பு சின்னதுக்கு. “செத்தவன் தலைய உயிரோட கீறவன் தலைல கவுத்தா எல்லாம் உல்டா ஆயிடும்,” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். எல்.இ.டி. ஒரு பக்கம் மட்டும்தான் மின்சாரத்தை விடும். உல்டாவை மறந்தால் எரியாது.

ஸ்விட்சைத் தட்டினேன். சிவப்பு எரிந்தது, பஸ்ஸர் அலறியது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காசு எவ்வளவு என்றதற்கு, தூக்கை நீட்டி டீ வாங்கிவரச் சொன்னார் அண்ணன். “தலையப் புடிச்சுக் கழட்டணும், ஒயரப் புடிச்சு இஸ்க்கக் கூடாது. போய்ச் சொல்லு உன் தங்கச்சிகிட்ட.”

வாயால் சொன்னால் விஞ்ஞானிக்கு மதிப்பேது? கிட் பெட்டி மூடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், ‘எச்சரிக்கை! ஒயரை இழுக்காதீர். தலையைப் பிடித்துக் கழற்றவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். தங்கச்சிக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது.