காட்டூர் வரப்பில் எலி வேட்டை

"வயலில் எலித் தொல்லை தாங்கவில்லை, என்ன மருந்து வைக்கலாம்?" சம்பாவில் கதிர் வெளிவரும் சமயத்தில், கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கும். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவிடுவது சுலபம். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய ஒரு வழி இருக்கிறது. அதைக் காட்டத்தான் இந்த முறை உங்களைக் காட்டூர் பக்கம் அழைத்துப் போகிறேன்.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, தென்கிழக்கே போனால் காட்டூர் வரும். காட்டூர் ஏரி, அடுத்தாற்போல் தத்தைமஞ்சி ஏரி. இரண்டுக்கும் கீழே நெல் வயல்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கடற்கரை. வடக்கே ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் போய்ச் சேருகிறது. விவசாயமும் மீன்பிடிப்பும் தோளோடு தோள் நிற்கிற பூமி இது. விடியற்காலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும், பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய மீன் வண்டியும் ஒரே சாலையில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

வயலுக்கும் ஏரிக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் இங்கே வாழ்கிறது. இருளர்கள். இந்தப் பக்கம் வில்லியர் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டுள்ள 6 பிரிவினரில் இவர்களும் ஒருவர். சொந்த நிலம் உள்ளவர்கள் மிகக் குறைவு. ஆனால் நம் நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தை மாதக் கடைசி. சம்பா அறுத்து முடிந்த வயலில் ஒரு குடும்பம் எலி பிடிக்க இறங்கியிருந்தது. பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் இருவர். துணைக்கு அதே குடியிருப்பிலிருந்து இன்னும் மூன்று பேர். ஒரு கடப்பாறை, இரண்டு மண்வெட்டி, ஒரு சாக்கு, அடியில் சின்ன ஓட்டை போட்ட ஒரு மண்பானை, கூடவே ஒரு நாய். மொத்த ஆயுதமும் இவ்வளவுதான்.

பெரியவர் வரப்பில் மெதுவாக நடந்தார். சில வளைகளைப் பார்த்தும் நிற்கவில்லை. "ஏன் பெரியவரே, இதை விட்டுட்டீங்க?" என்றேன்.

"வாயில சிலந்தி நூலு கட்டிக்கீது பாருங்க சார். உள்ள ஆளு இல்ல" என்றார். நாலடி தள்ளி ஒரு மண் குவியலைக் காலால் தொட்டார். "இது நேத்து ராத்திரி தள்ளுன மண்ணு. ஈரம் காயல. உள்ளதான் கீது."

நெல் வயலில் நமக்கு அதிக நஷ்டம் வைப்பது இந்த வரப்பெலிதான். வளைக்குள் போனதும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். உள்ளே கிளைகிளையாகப் பாதைகள், குட்டி போட ஓர் அறை, கதிரைச் சேர்த்துவைக்க ஓர் அறை, ஆபத்து வந்தால் தப்பி ஓட மேலே மெல்லிய மண் மூடிய ஒரு வழி. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் தோண்டினால் கை வலிதான் மிச்சம்.

அதனால்தான் இது ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை. மருமகளும் பிள்ளைகளும் சுற்றியிருந்த வாய்களை மண்ணால் அடைத்தார்கள். துணைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள். பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, அதன் வாயை வளையோடு பொருத்தி, அடி ஓட்டை வழியாக மகன் ஊதினார். புகை உள்ளே போனது. பத்தடிக்கு அப்பால் வரப்பு விரிசலில் மெல்லியதாகப் புகை எழுந்தது. "பாட்டி, அங்க!" என்று சின்னவள் கத்த, பாட்டி ஓடிப்போய் அதை மிதித்து அடைத்தார். அதன் பிறகே கடப்பாறை மண்ணில் இறங்கியது.

தாய் எலியும் குட்டிகளும் கிடைத்தன. அடுத்த அறையில் நம் நெல், கதிர் கதிராக அடுக்கியபடி இருந்தது. அந்த அம்மாள் அதை மண் உதறி முந்தானையில் சேர்த்தார். வளையில் கிடைக்கும் நெல் எலி பிடித்தவருக்கே என்பது வழக்கம். நில உரிமையாளர் அதைக் கேட்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் சாக்கில் 17 எலிகள் சேர்ந்தன. வரப்பு நிழலில் வைத்துப் பங்கு பிரித்தார்கள். தோண்டியவருக்கும் வாய் அடைத்தவருக்கும் ஒரே பங்கு. "ஊதுனவனுக்குக் கூட ஒண்ணும் கெடையாதா?" என்றேன். "அடைக்கிறவன் இல்லன்னா ஊதுறவன் யாருக்கு சார் ஊதுவான்?" என்றார் பெரியவர்.

இப்போது மருந்துக் கணக்கைப் பார்ப்போம். துத்தநாக பாஸ்பைடு வைப்பவர்கள் 49 பங்கு பொரி அல்லது அரிசிக்கு 1 பங்கு மருந்து கலக்கிறார்கள். சாகாமல் பிழைத்த எலி அடுத்த முறை அந்தத் தீனியைத் தொடாது. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்தும் கிடையாது. குழந்தையோ ஆடோ நாயோ தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வேறு வகை எலி மருந்துகளைத் தின்று மயங்கிக் கிடக்கும் எலியை ஆந்தை பிடித்தால், இரவெல்லாம் நமக்குச் சம்பளமில்லாமல் எலி பிடித்த ஆந்தையும் போய்விடும். வரப்பெலியின் சினைக் காலம் சுமார் 3 வாரம்தான். ஒரு தாயைக் குட்டிகளோடு தோண்டி எடுத்தால், வரப்போகும் பல எலிகளைச் சேர்த்தே தடுத்ததாகும். மருந்து இதை நிச்சயமாகச் செய்யும் என்று சொல்ல முடியாது.

இந்த வேட்டையிலும் கஷ்டம் உண்டு. பானையை ஊதி ஊதி உதடு பொசுங்கும், கண் எரியும், புகை நெஞ்சில் தங்கும். இதற்காகவே கையால் சுற்றிக் காற்று தள்ளும் எஃகுக் கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. 2003ல் உலக வங்கியின் போட்டியில் அந்தத் திட்டத்துக்குப் பரிசும் கிடைத்தது. நான் பார்த்த குடும்பத்தின் கையில் இன்னும் பானைதான் இருக்கிறது.

இவர்களின் அறிவுக்கு உலகம் தெரிந்த சாட்சியும் உண்டு. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரம் முடிவுக்கு வந்தபோது பல இருளர் குடும்பங்களின் பிழைப்பு நின்றது. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து எடுத்துத் தருகிறது. 2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, முதல் 2 வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட உதவினார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. அங்கே பாம்பின் தடத்தைப் படித்த அதே கண்தான் இங்கே நம் வரப்பில் ஈர மண்ணைப் படிக்கிறது.

வயல் வேலை ஓய்ந்ததும் இந்தக் குடும்பங்கள் பழவேற்காடு ஏரிப் பக்கம் போகும். அங்கே பட்டினவர் மீனவ ஊர்களில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறை வைத்து, சண்டையில்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. இருளர்களுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் ஆழமில்லாத ஓரங்களில் தண்ணீரில் ஊர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். பெண்கள் வரிசையாகச் சேர்ந்து நகர்வார்கள். ஒருத்தி கையிலிருந்து நழுவிய இறால் பக்கத்தில் இருப்பவள் கைக்குப் போகும். நம் வயலில் தெளித்த மருந்து வாய்க்கால் வழியாக வந்து சேர்வதும் அந்தத் தண்ணீரில்தான். எலி வயலிலிருந்து வந்தாலும், இறால் ஏரியிலிருந்து வந்தாலும், அவர்கள் சோற்றுத் தட்டில் விழுவது நாம் நிலத்தில் போட்டதுதான்.

ஆகவே, எலி பிடிக்கும் குடும்பங்கள் உள்ள ஊர்க்காரர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

1. எலி மருந்து வைத்த வயல் என்றால், பிடிக்க வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் எலியைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மறைத்தால் ஓர் உயிர் போகலாம். பிடிக்க அழைக்கும் வயலில் மருந்தே வைக்காதீர்கள்.

2. அறுவடை முடிந்து வரப்பு வெறுமையாக இருக்கும்போதும், அடுத்த நடவுக்கு முன்பும் அழையுங்கள். கதிர் முற்றிய பிறகு பயிருக்குள் தோண்ட முடியாது.

3. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி குடிவரும். ஏரிக்கரை, வாய்க்கால் கரை உட்பட நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்யுங்கள்.

4. கூலியைப் பேசி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைப்பது 1976ல் சட்டம் போட்டு ஒழித்த கொத்தடிமை முறை. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர்கள் அதில் பட்ட பாடு போதும். வளையில் கிடைக்கும் நெல்லைக் கூலியில் கழிக்காதீர்கள்.

5. தோண்டிய வரப்பை அன்றே கட்டிவிடுங்கள். வரப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு குறைவாக வளை விழும்.

6. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கையில் காயம் உள்ளவர்களை வளையில் கை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் கையுறை வாங்கிக் கொடுங்கள். பாம்பு வந்தால் அடிக்காதீர்கள். அதுவும் எலி பிடிக்கத்தான் வந்திருக்கிறது.

எலி பிடிப்பவர்கள் இல்லாத ஊர்களுக்குத் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை உட்கார வயலில் நடும் குச்சிகளும் இருக்கின்றன. கேள்வி அனுப்பும்போது பயிரின் வயது, ஏக்கருக்குக் கண்ணில் படும் புது வளைகளின் எண்ணிக்கை, ஏற்கெனவே மருந்து வைத்தீர்களா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கேற்றபடி பதில் தருகிறேன்.