வாய்தாவும் வண்டிப்பாதையும்

வண்டிப்பாதை வழக்கொன்றிற்காக, விவசாயத் தொழிலாளத் தோழர் ஒருவருக்குத் துணையாக, அண்மையில் நாம் நீதிமன்றம் சென்றிருந்தோம். பாதையை வேலியிட்டு மறித்த எதிர்வாதி ஒரு சட்டமன்ற உறுப்பினர். குறுக்கு விசாரணைக்காக அன்று அவர் கூண்டேற வேண்டும். ஆறாவது வாய்தா! கூலியை இழந்து, இரு பேருந்து மாறி, தோழர் வந்து நின்றார். உறுப்பினர் வரவில்லை, அவருடைய வழக்கறிஞர் வந்தார். "என் கட்சிக்காரர் சட்டமன்ற உறுப்பினர், அவருக்கெனத் தனி உரிமை உண்டு" என்றார். ஏழாவது வாய்தா பிறந்தது. சட்டமன்றம் அன்று கூடவே இல்லை. அதை எவரும் எடுத்துரைக்கவில்லை. நாமுந்தான் வாய்மூடி நின்றோம்!

எந்த உரிமை? வீடு திரும்பி ஏட்டைப் புரட்டினோம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, நீதிமன்றத்திற்கு நேரில் வரவேண்டாதவர்களைப் பட்டியலிடுகிறது: குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், பேரவைத் தலைவர், உயர்நீதிமன்ற நீதிபதி. பழைய சமஸ்தான மன்னர்க்கும் அதில் ஓர் இடம் உண்டு. முடி போயிற்று, சலுகை போகவில்லை! சாதாரண உறுப்பினரோ அப்பட்டியலில் இல்லை. 135-அ பிரிவு அவருக்கு அளிப்பது வேறொன்று. மன்றம் கூடியிருக்கும்போதும், அதற்கு முன்னும் பின்னும் 40 நாட்களும், உரிமையியல் ஆணையின்கீழ் அவரைக் கைது செய்யலாகாது. கைதுக்குத்தான் தடை, கூண்டுக்கு அன்று.

அப்படியானால் உறுப்பினர்க்குத் தனியுரிமையே ஆகாது என்போமா? என்னோம்! 1969 மார்ச்சில் பாட்னாவில் கூடிய உலக இந்து சமய மாநாட்டில், தீண்டாமை இந்து சமயத்திற்கு இசைந்ததே, எச்சட்டமும் அதனைத் தடுக்க முடியாது எனப் பூரி சங்கராச்சாரியார் பேசியதாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 2இல் மக்களவையில் அதுபற்றி விவாதம் எழுந்தது. அவரைப்பற்றி அங்கே பேசப்பட்டவை அடியார் அறுவரின் நெஞ்சைப் புண்படுத்திவிட்டனவாம்! அவைத்தலைவராயிருந்த சஞ்சீவ ரெட்டி, உள்துறை அமைச்சர் சவாண், உறுப்பினர் மூவர் ஆகியோர்மீது, 26,000 ரூபாய் இழப்பீடு கேட்டு டெல்லி உயர்நீதிமன்றம் ஏறினர். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டோர் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பட்ட புண்ணுக்கு இழப்பீடு கேட்கப் புகுந்தால், எந்தக் கருவூலம் தாங்கும்?

மனு அங்கே தள்ளப்பட்டது. உச்சநீதிமன்றமும் 1970 மே மாதம் அதனை உறுதி செய்தது. அரசியல் சட்டத்தின் 105ஆவது விதி, அவையில் கூறிய 'எதற்கும்' வழக்கில்லை என்றால், எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பொருள் என்றது. மாநில மன்றங்கட்கு 194ஆவது விதி அதே காப்பை அளிக்கிறது. அவை நடவடிக்கை குறித்து உறுப்பினர் சாட்சியம் கூற அவையின் இசைவு வேண்டும் என்னும் மரபும், அச்சொல்லைக் காக்கவே எழுந்தது. தீண்டாமையைச் சாடும் நாவுக்கு இந்தக் காப்பு வேண்டும். நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.

ஆனால் வண்டிப்பாதையை மறித்த வேலி, அவையில் பேசிய சொல்லா?

ஒரு தரப்புக்கு மூன்று முறைக்குமேல் தள்ளிவைப்புத் தரலாகாது என்கிறது அதே சட்டத்தின் 17ஆம் கட்டளை. தோழரின் வழக்கறிஞர், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் வழி, கட்டணமின்றிக் கிடைத்த இளைஞர். அப்பக்கத்தை மடித்து அவரிடம் கொடுத்தோம். படித்தார், சிரித்தார், "எதிர்ப்பு மனு போட்டுவிடுகிறேன்" என்றார். "அடுத்த வாய்தாவுக்கும் வருவீர்களா?" என்று தோழர் கேட்டார். வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.