வெட்டப்பட்ட காட்சி

ஒருவரைப் பாதி அறிந்த நிலையிலேயே முழுவதும் அறிந்துவிட்டதாக எண்ணித் தீர்ப்பிடும் குறை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. இதனை எனக்கு உணர்த்தியது பூதம் ஒன்றைப் பற்றிய பழைய திரைப்படம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்பதே அப்படம். ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. விஞ்ஞானி ஒருவன் பிணங்களின் உறுப்புகளைத் தைத்து இணைத்து, மின்னலின் ஆற்றலால் அவ்வுடலுக்கு உயிரூட்டுகிறான். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த விஞ்ஞானியின் பெயர்; பூதத்திற்குப் பெயரே இல்லை. தான் உருவாக்கிய உயிருக்கு ஒரு பெயரிட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. போரிஸ் கார்லாஃப் என்ற நடிகர் அப்பூதமாக, ஒரு சொல்லும் பேசாமல் நடித்திருந்தார்.

பன்னிரண்டு வயதில், எங்கள் நகரத் திரையரங்கில் காலைக் காட்சியாக அதனைப் பார்த்தேன். ஏரிக்கரையில் மரியா என்னும் சிறுமி பூதத்தைக் கண்டு அஞ்சாமல், அதன் கையில் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் அவற்றை ஒவ்வொன்றாக நீரில் எறிந்து, அவை மிதப்பதைக் கண்டு மகிழ்கின்றனர். பூக்கள் தீர்ந்ததும் பூதம் சிறுமியை நோக்கிக் கைகளை நீட்டுகிறது. அத்துடன் காட்சி அறுபட்டது. பின்னர் நான் கண்டது, மகளின் உயிரற்ற உடலை ஏந்தியபடி தெருவில் நடந்துவந்த தந்தையை. அந்தப் பூதம் எத்துணைக் கொடியது என்று அன்று மனம் கொதித்தேன். பல ஆண்டுகள் அவ்வாறே நம்பியிருந்தேன்.

அண்மையில் என் பேரன் தன் கணினியில் அதே படத்தைப் போட்டுக் காட்டினான். இம்முறை காட்சி அறுபடவில்லை. பூக்களைப் போலவே குழந்தையும் மிதப்பாள் என்று எண்ணி, பூதம் அவளைத் தூக்கி நீரில் எறிகிறது. அவள் மூழ்குகிறாள். பூதம் நீரைக் கைகளால் துழாவித் தவித்து, கலங்கித் தள்ளாடி ஓடுகிறது. அந்தச் சில நொடிகளைத் தணிக்கையாளர்கள் அந்நாளில் வெட்டியிருந்தார்கள். 1980களில்தான் அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. கொடுமையை மறைக்கவே வெட்டினார்கள். ஆனால் வெட்டியதால் அறியாமை வன்மமாகத் தோன்றிற்று. குழந்தை இறந்தது உண்மையே. ஆயினும் நான் வெறுத்த அந்தக் கொலைகாரன் அங்கே இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தம்பியின் நினைவே வந்தது.

எங்கள் தாயாரின் அடக்கத்திற்கு அவன் வரவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு பிடி மண் போடாதவன் எனக்கு உடன்பிறந்தவன் அல்லன் என்று சொல்லி, பதினொரு ஆண்டுகள் அவனோடு பேசாதிருந்தேன். பின்னர் ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக் காவலர் சொல்லித்தான் தெரிந்தது: அன்று அவன் வந்திருந்தான். சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போயிருந்தான். சொத்துத் தகராறு ஒன்றில், ‘இனி என் கண்முன் வராதே’ என்று அதற்கு முந்திய ஆண்டு நானே அவனிடம் சொல்லியிருந்தேன். அந்தக் காட்சியை வெட்டியவன் நான்தான்.

நான் அவனைத் தேடிச் சென்றபோது, ‘வாங்க அண்ணே’ என்று மட்டும் சொல்லி நாற்காலியை எடுத்துப் போட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இழந்த பதினொரு ஆண்டுகளை எவரால் திருப்பித் தர இயலும்?

இதே இயக்குநர் 1935இல் எடுத்த இரண்டாம் படத்தில், காட்டுக் குடிசையில் வாழும் பார்வையற்ற முதியவர் ஒருவர் பூதத்தை நண்பனாக வரவேற்று, இறைவனுக்கு நன்றி கூறி, அப்பமும் இரசமும் பகிர்கிறார். பூதத்தின் கண்களில் நீர் வழிகிறது. முகத்தைக் காண இயலாதவரே அதன் துயரைக் கண்டுகொண்டார்.

அன்பர்களே, நம் வாழ்வின் எந்தக் காட்சியும் வெட்டப்படாமல் முழுவதையும் காண்பவர் ஆண்டவர் ஒருவரே. ஆகவேதான் தீர்ப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மன்னிப்பை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். உங்கள் குடும்பத்திலும் பேச்சற்றுப்போன உறவு ஒன்று இருக்குமானால், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் அந்த வீட்டுப் படியேறுங்கள். நீங்கள் காணாத காட்சி ஒன்று அங்கே காத்திருக்கக்கூடும்.