இழுப்பு இல்லை

ஷெர்லாக் ஹோம்ஸ் திருச்சிக்கு வந்ததில்லை. ஆனால், 1887-ல் வெளியான முதல் ஹோம்ஸ் நாவலிலேயே திருச்சி வந்துவிடுகிறது. கொலை நடந்த அறையின் தரையிலிருந்து கொஞ்சம் சாம்பலைப் பொறுக்கி எடுத்து, 'ஆசாமி பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு' என்று சொல்லிவிடுகிறார் மனுஷன். கறுப்பாக, பொருக்குப் பொருக்காக உதிரும் சாம்பலாம்.

சாம்பலைப் பார்த்து ஊரைச் சொல்வது பெரிய விஷயம்தான். உறையூரில் ஒருவர் இருந்தார். பாதி எரிந்த சுருட்டைப் பார்த்து, சுற்றிய ஆளையே சொல்லிவிடுவார். அவருக்கு வாட்ஸன் கிடையாது. நான்தான் இருந்தேன், எட்டு மாசம்.

அப்பாவின் சிநேகிதர். மாமா என்று கூப்பிடுவேன். சின்ன சுருட்டுக் கம்பெனி வைத்திருந்தார். பெயர் வேண்டாம், கம்பெனியே இப்போது இல்லை. 1982-ல் பி.ஏ. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவு பண்ணிவிட்டு, மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "சும்மா சுத்துறதுக்கு இங்க வந்து நாலு லெட்டர் எழுதேன்டா" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்குப் புகைப் பழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மாமாவுக்கும் இல்லை. பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்து வெறுமனே ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். அவ்வளவுதான். காற்று வருகிறதா, எவ்வளவு வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார்.

என் வேலை, வாடிக்கையாளர்களின் குறைக் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதில் எழுதுவது. போஸ்ட் கார்டும் இன்லேண்டுமாக வரும்.

சுருட்டு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே பொதிகிற இலை, அதைப் பிடித்து நிறுத்த ஓர் இலை, பார்வைக்கு மேல் இலை. இவ்வளவுதான் சமாசாரம். ஆனால், ஒரே செடியில் மேலே வெயில் வாங்கிய இலைக்குக் காரம் அதிகம். அடியில் இருக்கும் இலை சாது, ஆனால் நன்றாக எரியும். இரண்டையும் கலக்கவேண்டும். உள் இலையைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து வைத்தால்தான் நடுவில் காற்றுப் போக வழி இருக்கும். புத்தகத்தை மூடுகிற மாதிரி சட்டென்று மடக்கிச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும், காற்று சிக்கிக்கொள்ளும். ஒரு துண்டு காம்பு உள்ளே தங்கிவிட்டால் ஒரு பக்கமாக எரியும். இலையில் ஈரம் கூடினால் அடைக்கும், குறைந்தால் மேல் இலை வெடிக்கும். இதெல்லாம் கைப் பதம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அதே பதம் அதே விரல்களில் வரவேண்டும். எந்தச் சமையல்காரரையாவது தினமும் முந்நூறு தடவை ரசம் வைக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆக, குறைக் கடிதங்களுக்குப் பஞ்சமில்லை. 'ஒரு பக்கமா எரியுது', 'தோல் உரியுது', 'காரம் போதலை', 'காரம் ஜாஸ்தி' (கடைசி இரண்டும் ஒரே கட்டுக்கு, ஒரே வாரத்தில்). எல்லாவற்றுக்கும் மேலே, மாசம் பாதி கடிதங்களில் இருந்த வாசகம்: 'இழுப்பு இல்லை.'

வண்டுக் கடிதங்கள் தனி ரகம். நம் வீட்டு மல்லித்தூள், மஞ்சள் டப்பாவில் வருமே, சின்னதாகப் பழுப்பு நிறத்தில், அதே வண்டுதான். புகையிலையிலும் முட்டை வைக்கும். வெயில் ஏறினால் முட்டை பொரிந்து, புழு இலையைத் தின்று, ஊசியால் குத்தியதுபோல ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். வெளிநாட்டில் இப்போது சுருட்டை விற்பனைக்கு அனுப்பும் முன் சில நாள் உறைய வைத்து முட்டையைக் கொல்கிறார்கள். அந்த நாள் உறையூரில் ஃப்ரீசருக்கு எங்கே போவது? கும்பகோணத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு தாசில்தார் மாசாமாசம் 'இரண்டு சுருட்டில் ஓட்டை' என்று எழுதி, இரண்டு சுருட்டு இலவசமாக வாங்கிவிடுவார். மாமா சிரிப்பார். "குடுத்துடு. வண்டு போட்ட ஓட்டைன்னா பக்கத்துல மாவு மாதிரி தூள் இருக்கும். இவரு ஓட்டையில தூளே இல்ல. ஊசி."

இன்னொருவர் 'மேல் இலை வெடிக்கிறது' என்று கோபமாக எழுதியிருந்தார். கடிதத்தின் நடுவிலேயே, கட்டை ரேடியோப் பெட்டி மேல் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். வால்வு ரேடியோ. தோசைக்கல்லில் வைத்த மாதிரி. அவருக்கும் மாற்றுக் கட்டு போயிற்று, எங்கே வைக்கவேண்டும் என்ற விவரத்தோடு.

நான் சேருவதற்கு முன்பு, எல்லாக் குறைக்கும் ஒரே பதில்தான். அச்சடித்த கார்டு. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மாற்றுக் கட்டு அனுப்பியுள்ளோம்.' அந்தக் கார்டுகளை மாமா நிறுத்திவிட்டிருந்தார். "கட்டு அனுப்பிட்டா அந்த ஆளு பேச்சு நின்னுடும். நின்னுட்டா நமக்கு எப்பிடிடா தெரியும்?" என்பார். அதற்குப் பதிலாக, 'கெட்டுப்போன சுருட்டைத் திருப்பி அனுப்புங்கள். பாதி எரிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தபால் செலவு எங்களுடையது' என்று எழுதச் சொல்வார்.

(புகையிலையின் பெரிய குறை வாய்ப் புற்றுநோய். அந்தக் குறைக்கு எந்தக் கம்பெனி பதில் எழுதியிருக்கிறது? எங்கள் ஃபைலிலும் அப்படி ஒரு பதில் கிடையாது.)

அந்த வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். விழுப்புரத்திலிருந்து ஒரு கடிதம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டு உத்தியோகம் விடுமா? கட்டு வாங்கிய தேதி, எத்தனையாவது சுருட்டு, எத்தனை மணிக்குப் பற்றவைத்தது, எத்தனை நிமிஷத்தில் அணைந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். 25-ல் 5 இழுக்கவில்லை. கடைசியில் இரண்டு வரி: 'முப்பது வருஷமாக உங்கள் சரக்குதான். இலவசம் வேண்டாம். என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லவும்.'

வழக்கமான பதில் போட்டோம். ஒரு வாரத்தில் பவுடர் டப்பாவில் ஐந்து சுருட்டும் வந்து சேர்ந்தன, நம்பர் போட்டு.

மாமா பிளேடால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறிப் பிரித்தார். ஐந்திலும் ஒரே இடத்தில், உள் இலை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கட்டியாக நின்றது. மேல் இலை எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்டேன். முடியாதாம். நடு நரம்பைக் கிழித்தெடுத்தால் இலை இரண்டு பாதியாகும். இடது பாதியை ஒரு பக்கமும் வலது பாதியை எதிர்ப் பக்கமும் சுற்றுவார்கள், நரம்பு வெளியே துருத்தாமல் இருக்க. அதனால் ஒரே ஆள் இரண்டு விதமாகவும் சுற்றுவார். மாமா பார்த்தது வேறு. மேல் இலையில் பசை தடவி அழுத்திய கட்டைவிரலின் வாகு. பார்த்தார், பேசாமல் இருந்தார். மேஸ்திரியும் பார்த்தார். இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மாமாவின் அப்பா காலத்திலிருந்து இருக்கிற பெரியவர். கம்பெனியிலேயே நல்ல கை என்று பெயர் வாங்கியவர்.

"அந்த வாரச் சரக்கைப் பூரா கழிச்சிடலாம் முதலாளி" என்றார் மேஸ்திரி.

இந்தக் 'கழிவு' என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி. தரமில்லை என்று ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. ஒதுக்குகிறவர் முதலாளியின் ஆள். இதில் நடந்த அக்கிரமங்கள் கொஞ்சநஞ்சமில்லை என்பதால்தான், 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில், கழிவு பற்றிய தகராறை யார் தீர்த்துவைப்பது என்பதற்குத் தனியாகவே வழி வைத்தார்கள். சட்டம் இருந்தது. அறுபது வயது தாண்டியவர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

பெரியவரைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, இது உங்க கைதானே?"

வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் கைதான் தம்பி."

"உங்களுக்கா கொசுவம் வெக்கத் தெரியாது?"

"தெரியாம என்ன? அதுக்கு நேரம் வேணும்ல" என்றார் பெரியவர். குரலில் கோபமில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. "நவராத்திரியிலேர்ந்து முந்நூறை நானூறு ஆக்கிட்டீங்க. அதே பொழுதுதான், அதே கைதான்."

"நானூறு ஆக்குனது யாரு?" என்று மேஸ்திரி பக்கம் திரும்பினார் மாமா.

மேஸ்திரி தயங்கினார். "தீபாவளி ஆர்டருக்கு நீங்கதான் முதலாளி சொன்னீங்க."

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கிட்டங்கியிலிருந்து வேறு நாலு பேர் சுற்றிய கட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, கட்டுக்கு இரண்டு மூன்று எடுத்துக் கீறினார். நாலில் மூன்று கட்டுகளில் அதே கயிறு. பெரியவருடைய கை மட்டும் கெடவில்லை. அவருடைய சுருட்டுதான் கார்டு கையில் சிக்கியது, மற்றவர்களுடையது கணக்கு எழுதாத ஆட்களிடம் போய்விட்டது. தீபாவளிச் சரக்கில் மிச்சம் இருந்ததை லேபிள் ஒட்டாமல் உதிரியாக விற்கச் சொன்னார். நல்ல நஷ்டம். எண்ணிக்கை பழையபடி முந்நூறுக்கு வந்தது. யார் கூலியிலும் பிடிக்கவில்லை.

உடனே மாமாவைத் தர்மவான் ஆக்கிவிடவேண்டாம். அடுத்த தை மாதம், நூற்றுக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டபோது பங்குனி வரை இழுத்தடித்தவர்தான். ஆனால், அன்றைக்கு அந்தக் குறை, கடைக்காரரிடமிருந்து முதலாளிக்கு, முதலாளியிடமிருந்து மேஸ்திரிக்கு, மேஸ்திரியிடமிருந்து பெரியவருக்கு என்று இறங்கிக்கொண்டே வந்து, கீழே தள்ள ஆளில்லாத இடத்தில் நின்றது. அங்கிருந்து அதைத் திரும்ப மேலே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் பார்த்த ஆபீஸ்களில், பெரிய பெரிய ஆபீஸ்களில், அதிகம் பார்த்ததில்லை.

கார்டுக்கு என்ன எழுதுவது? மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். 'தீபாவளி ஆர்டருக்காக நாங்கள் வேலையை அவசரப்படுத்தியதால் உள் இலை மடிப்பு சரியாக அமையவில்லை. சுற்றியவர் பேரில் தவறில்லை. இப்போது சரி செய்திருக்கிறோம்.'

"இதெல்லாமா மாமா வெளியாளுக்குச் சொல்லணும்?"

"அவரு கேட்டதே அதைத்தானேடா?"

பல வருஷம் கழித்து க்யூபா விஷயத்தைப் படித்தபோது இந்த டப்பா ஞாபகம் வந்தது. 1990களில் உலகம் முழுக்கத் திடீரென்று ஒரு சுருட்டு மோகம். முக்கியமாக அமெரிக்காவில், ஆனால் 1962 முதல் வர்த்தகத் தடை என்பதால் ஹவானா சுருட்டு அங்கே சட்டப்படி நுழைய முடியாது. மற்ற நாடுகளின் கிராக்கியே போதுமானதாக இருந்தது. க்யூபாவும் உற்பத்தியை ஏகமாக ஏற்றியது. புதுக் கைகள் அவசர அவசரமாக வேலைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் சுற்றிய ஹவானாக்கள் எதற்குப் பேர் போனவை தெரியுமா? அதேதான். இழுப்பு இல்லை. ஒரு சுருட்டுக்கு நம்மூர் ஆள் ஒரு வாரக் கூலியைக் கொடுத்து வாங்கியவர்கள், கன்னம் ஒட்ட உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

2000களின் தொடக்கத்தில் அங்கே தொழிற்சாலைகளுக்குள் ஒரு மெஷின் வந்தது. மேல் இலை சுற்றுவதற்கு முன்பே, உள் பொதியை அதில் செருகினால், மெஷின் காற்றை இழுத்துப் பார்த்து முள்ளில் காட்டும். மாமா வாயால் செய்ததுதான். எனக்கு அதில் பிடித்த விஷயம், மேல் இலைக்கு முன்பே பார்ப்பது. பிரித்துத் திரும்பச் செய்துவிடலாம். பண்டமும் வீணில்லை, ஆளுக்கும் அவமானமில்லை. தவிர, அங்கே சுற்றியவரின் அடையாளச் சீட்டோடு ஐம்பது ஐம்பதாகக் கட்டித்தான் பரிசோதனைக்குப் போகும். 1985 முதல் பெட்டியின் அடியில் தொழிற்சாலையின் ரகசிய எழுத்தும் மாதமும் முத்திரை குத்துகிறார்கள். எங்கே, எப்போது என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு வைத்தும், 'எண்ணிக்கையை ஏற்றியது யார்?' என்ற கேள்வியைக் கேட்கிற மெஷின் மட்டும் இன்னும் வரவில்லை.

தை பிறந்ததும் விழுப்புரத்துக் கார்டிடமிருந்து மறுபடி கடிதம். கட்டம் போட்ட அதே தாள். புதுக் கட்டில் 25-ம் நன்றாக இழுக்கிறதாம். சுற்றியவருக்குத் தன் நமஸ்காரத்தைச் சொல்லவேண்டுமாம். பெரியவரிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "வயசென்ன இருக்கும் அவருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

கடிதத்தில் பின்குறிப்பாக இன்னொரு குறையும் இருந்தது. சாம்பல் நிற்காமல் வேட்டியில் உதிர்கிறதாம்.

மாமா யோசித்தார். "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எழுதிடு. மரியாதையா எழுது."